கேமராவையும் பார்த்துவிட வேண்டும்

புது லேப்டாப்பில் லினக்ஸ் இயங்குதளம் ஓடுமா என்று கேட்டால், ஓடாது என்று எந்தக் கடைக்காரரும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து ஏற்றினால் வைஃபை வராது, எனக்குக் கோபம் தலைக்கேறும். அதனால் என் மனைவி லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவைக் கடைக்கே எடுத்து வருவாள். “ஓட்டிப் பாத்துட்டே வாங்கிக்கறமுங்க” என்று கடைக்காரரிடம் சிரித்தபடி சொல்லிவிடுவாள். முதலில் வைஃபை, அப்புறம் சத்தம், கடைசியில் கேமரா. என் தோளோடு ஒட்டி உட்கார்ந்து, “ஏனுங்க, ரெண்டு பேரும் தெரியறமுங்களா?” என்று திரையைப் பார்ப்பாள்.

போன ஆடியில் அவள் இறந்துபோனாள். வீட்டிலிருந்த லேப்டாப்பும் பழுதாகிவிட, அதே பென்டிரைவோடு நாமகிரிப்பேட்டையிலிருந்து சேலத்துக்குத் தனியாகப் போனேன்.

“எல்லாமே ஓடும் சார்” என்று ஆரம்பித்தார் கடைக்காரர்.

“நீங்க சொன்னா ஓடிருமா?” என்று எரிந்து விழுந்துவிட்டு, நானே பென்டிரைவைச் செருகினேன். வைஃபை வந்தது. சத்தமும் நன்றாகக் கேட்டது. கேமராவைத் திறந்தேன். திரையின் ஓரத்தில் என் பாதி முகம் தெரிந்தது, மீதியெல்லாம் கடையின் வெள்ளைச் சுவர்.

“கொஞ்சம் நடுவுல வந்து உக்காருங்க சார்” என்றார் கடைக்காரர்.

அவள் உட்காரும் பக்கத்தை விட்டுவிட்டு நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். நகரவில்லை.

“கேமராவுல நல்லா தெரியுதுங்க” என்றேன்.