ஆளுக்கொரு காது

அந்த மேட்டுத் தெருவில் அவளை ரேடியோக்காரி என்றுதான் சொல்வார்கள். தொழில் என்னவோ தையல். துறைமுகத்தைப் பார்த்த ஜன்னலோரம் மெஷின் போட்டிருந்தாள். கால்சட்டைக்கு மடிப்புத் தைப்பது, ஜிப் மாற்றுவது, கப்பல்காரர்களின் மழைக்கோட்டுக்கு ஒட்டுப் போடுவது. ஆனால் மெஷின் சத்தத்தை அமுக்கிக்கொண்டு ஜன்னல் கட்டையிலிருந்த ஸ்கேனர் தெருமுனை வரைக்கும் கரகரக்கும்.

ஸ்கேனர் என்பது உள்ளங்கையில் அடங்குகிற, வாயில்லாத ரேடியோ. படகுகள் பேசிக்கொள்வதைக் கேட்கலாம். பதில் சொல்ல முடியாது. அவள் கணவருக்கு இழுவைப் படகில் வேலை. பெரிய கப்பல்களுக்குக் கயிறு கட்டித் துறைக்குள் இழுத்து வருகிற சின்னப் படகு அது. கல்யாணமான புதிதில் அவர் வரத் தாமதமானால் அவள் அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அவர் இதை வாங்கிக் கொடுத்தார்.

"இதுல என் குரல் கேட்டா நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம். சும்மா தரையைத் தேய்க்காதே."

வாங்கித் தந்தது அவளுக்கு, பிடித்துக்கொண்டது மாமியார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். "இன்னும் சத்தமா வைம்மா, எம்பிள்ளை என்ன சொல்றான்னே புரியலை" என்பார். சத்தத்தைக் கூட்டக் கூட்ட, காலையில் சார்ஜ் ஏற்றிப் போட்ட பேட்டரி சாயங்காலத்துக்குள் செத்துப்போகும். அதுவும் சரியாகக் கணவர் பேச ஆரம்பிக்கும்போது.

துணியில் ஒரு விரற்கடை வீணானாலும் மனசு கேட்காத தையல்காரிக்கு இது பொறுக்குமா? கருவியோடு வந்த புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். டாக்சிக்காரர்கள், லாரி கம்பெனி என்று ஊர்க்கதை எல்லாவற்றையும் அது ஓயாமல் துழாவிக்கொண்டிருந்தது. துறைமுகத்து அலைவரிசைகள் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளினாள். யாரும் பேசாதபோது வருகிற வெறும் இரைச்சலுக்கும் பேச்சுக்கு ஆகிற அதே செலவுதான் என்று தெரிந்ததும், இரைச்சல் அடங்குகிற இடம்வரை குமிழைத் திருகி நிறுத்தினாள். திரை விளக்கை அணைத்தாள். பேட்டரி விற்கும் கடைக்காரர் சொன்னபடி பழசையும் புதுசையும் கலந்து போடுவதை விட்டாள். பேட்டரி தொடுகிற தகடுகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்துப் பளபளப்பாக்கினாள்.

மிச்சமிருந்தது சத்தம். அதற்கு இயர்போன் வாங்கி வந்தாள். ஒரு பக்கம் மாமியார் காதில், ஒரு பக்கம் தன் காதில். ஒயர் குட்டை. அதனால் இருவரும் தோளோடு தோள் ஒட்டித்தான் உட்கார வேண்டும். அதுவரைக்கும் "சாப்பிட்டீங்களா அத்தை", "ஆச்சும்மா" என்ற அளவில் இருந்த உறவு அது. அந்த ஒயர்தான் இருவரையும் முடிச்சுப் போட்டது. யார் குரல் கம்மியிருக்கிறது, யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறான் என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்கள். பேட்டரியும் இப்போது நாள்கணக்கில் தாங்கியது.

அந்த வருஷம் புயல் வந்தபோது இழுவைப் படகு வெளியே இருந்தது. இன்ஜின் நின்றுபோன சரக்குக் கப்பல் ஒன்றைப் பிடிக்கப் போயிருந்தார்கள். ஊரில் கரண்ட் போயிற்று, பின்னாலேயே செல்போனும் போயிற்று. கையில் இருந்தது ஸ்கேனரில் கிடந்த பேட்டரியும் மாற்றுக்கு ஒரு ஜோடியும்தான். முதல் நாள் முழுக்க அவர் குரலே இல்லை. துறைமுக ஆபீஸ் மட்டும் "எங்க இருக்கீங்க, பதில் சொல்லுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

பழைய பேட்டரி தீர்ந்தது. புதுசைப் போட்டவுடன் மாமியார் இயர்போனைக் கழற்றினார்.

"அணைச்சு வை."

"அத்தை, இப்பப் பேசிட்டார்னா?"

"பேசினா ஒரு தடவையோட விடமாட்டான். திரும்பத் திரும்பக் கூப்பிடுவான். கொஞ்ச நேரம் கேப்போம், கொஞ்ச நேரம் அணைப்போம். ஆபீஸ் ஓயாம கூப்பிடறதையே கேட்டுட்டிருந்தா ராத்திரிக்குள்ள தீந்துரும், நாளைக்கு என்ன பண்ணுவே?"

அவளுக்குக் கை வரவில்லை. மாமியாரே வாங்கி அணைத்தார். பேட்டரி குளிர்ந்தால் சீக்கிரம் இறங்கும் என்று கருவியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். அடிக்கொரு தரம் போடுவதும் அணைப்பதுமாக இரவு போயிற்று.

மறுநாள் மத்தியானம், போட்ட கையோடு குரல் வந்தது. மெலிசாக, அறுந்து அறுந்து. அவர்தான். பெரிய ரேடியோவின் கம்பம் முறிந்துவிட்டது, கை ரேடியோவில் பேசுகிறோம், தீவுக்குப் பின்னால் நங்கூரம் போட்டிருக்கிறோம், தண்ணீர் உள்ளே வருகிறது, பம்ப் ஓடவில்லை, ஒரு பம்ப் வேண்டும். அவர் சொல்லி முடித்ததும் துறைமுக ஆபீஸ், "பதில் சொல்லுங்க" என்று பழைய பல்லவியையே பாடியது. ஆபீஸ் ஏரியலையும் காற்று சாய்த்திருந்தது. மேட்டிலிருந்த இவர்களுக்குக் கேட்டது, தாழ்வில் இருந்த அவர்களுக்குக் கேட்கவில்லை.

"நீ ஓடும்மா. நான் கேக்கறேன்" என்றார் மாமியார்.

சேற்றில் இரண்டு தடவை விழுந்து எழுந்து அவள் ஆபீசுக்குள் நுழைந்தாள். அங்கிருந்த அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. கேட்டதைக் கேட்டபடி சொன்னாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் ஜன்னலைத் திறந்து கீழே கத்தினார். கப்பல்களுக்கு வழி காட்டுகிற பைலட் படகுக்காரர் பம்பை ஏற்றிக்கொண்டு கிளம்பி, தீவுப் பக்கம் மறையும்வரை பார்த்துவிட்டு அவள் திரும்ப மேடேறினாள். சேதி இனி மேலேதானே வரும்.

வாசலில் மாமியார் நின்றிருந்தார். இரண்டு காதிலும் இயர்போன். கருவியில் பேட்டரி விளக்கு சிவப்பாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"பம்ப் போட்டாச்சாம். தண்ணி இறங்குதாம். அவனே சொன்னான்" என்றார். சொல்லிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் இழுவைப் படகிலிருந்த ஆறு பேரும் கரையேறினார்கள். சமையல்காரருக்குக் கை முறிந்திருந்தது, மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. வீட்டுக்கு வந்த கணவர் நின்றபடியே ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். "யாருக்குக் கேக்குதுன்னே தெரியாம பேசிட்டு இருந்தேன்" என்றார்.

அந்த வாரம் அவள் பைலட் படகுக்காரரின் மழைக்கோட்டைக் கேட்டு வாங்கி, உள்துணி முழுக்க மாற்றித் தைத்துக் கொடுத்தாள். "எதுக்கும்மா இதெல்லாம்" என்று அவர் கூச்சப்பட்டார். ஆபீஸ் அதிகாரியையும் போய்ப் பார்த்து, சொன்னதும் நம்பியதற்கு நன்றி சொன்னாள். மாமியாரிடம் மட்டும் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒருநாள் அவருக்குத் தலை பின்னும்போது கேட்டாள்.

"அன்னிக்கு அணைக்கச் சொல்ல உங்களுக்கு எப்படி அத்தை மனசு வந்தது?"

"எங்க வந்தது? உன் கை நடுங்கினதைப் பார்த்தேன். ரெண்டு பேரும் நடுங்கினா வேலைக்காகுமா?"

அவளுக்குக் கண் நிறைந்தது. சீப்பைக் கீழே வைத்துவிட்டு, பின்னாலிருந்தே அவரைக் கட்டிக்கொண்டாள். மாமியார் அவள் கையைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.