மணல்மேட்டு வெள்ளை மான்

எனக்குப் பிடிவாதம் அதிகம் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். ஏழு வயதில், ஒரு மாத விசிட் விசாவில் நாங்கள் இருவரும் அப்பாவிடம் போனபோது, எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது அப்பாவை அல்ல. அவர் வீடியோ காலில் காட்டிய வெள்ளை மான்களை. ஓரிக்ஸ் என்று பேர். "எங்கப்பா வளர்க்கிற மான்" என்று வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு வந்திருந்தேன். பார்க்காமல் திரும்பினால் யார் முகத்திலும் முழிக்க முடியாது.

துபாய்க்கு வெளியே, பாலைவனத்தில் ஒரு காப்பகம். மான்களுக்குத் தீவனம் போட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்புவது அப்பாவின் டியூட்டி. சூப்பர்வைசரிடம் கெஞ்சி, எங்களைக் கூட்டிப்போக ஒரு மணி நேரம் பெர்மிஷன் வாங்கியிருந்தார்.

"ஒரு காலத்துல இந்தப் பாலைவனத்துல ஒண்ணுகூட இல்லாம அத்துப்போச்சாம். வெளிநாட்டுல மிஞ்சினதக் கொண்டாந்து விட்டிருக்காங்க" என்று வழியில் பெருமையாகச் சொன்னார்.

"மானையே சொந்த ஊருக்குக் கொண்டாந்து விட்டுட்டாங்க. உங்கள எப்ப விடுவாங்க?" என்றாள் அம்மா.

அப்பா வண்டியின் ஏசியைக் கூட்டி வைத்தார்.

கம்பிவேலி ஓரம் முக்கால் மணி நேரம் நின்றோம். மணலும் இரண்டு முள்மரமும்தான் தெரிந்தன. வெயிலில் தலை சுற்றுகிறது, போகலாம் என்றாள் அம்மா. நான் வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"பாக்காம வரமாட்டேன்."

அப்பா என்னைப் பார்த்தார், மணலைப் பார்த்தார். ஏனோ கூச்சப்பட்டார். பிறகு வாயருகே கையைக் குவித்து, "பாப்பா... வா சாமி, வா" என்று குரல் கொடுத்தார்.

"இங்கதான இருக்கேன்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. மணல்மேட்டுக்கு மேலே இரண்டு நீளக் கொம்புகள் தெரிந்தன. வெள்ளை வெளேரென்று ஒரு மான் ஆடி அசைந்து இறங்கி வந்து, வேலிக்குள்ளிருந்தே அவர் உள்ளங்கையை மோந்தது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அது என் பேரு. போயும் போயும் ஒரு மானுக்கா வச்சீங்க" என்று அழுதேன். அப்பா மானிடமிருந்து கையை இழுத்துக்கொண்டார்.

அதோடு விட்டேனா? மிச்சமிருந்த பதினொரு நாளும் அவர் "பாப்பா" என்றால் காதில் விழாதது போலவே இருந்தேன். ஏர்போர்ட்டில் நாங்கள் உள்ளே நுழையும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார், இரண்டு தரம். அம்மா திரும்பினாள். நான் திரும்பவில்லை.

அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட நாலு வருஷமாக அவருக்கு அங்கே வேறு யாரும் இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. கூப்பிட்ட குரலுக்கு மணல்மேடு தாண்டி வந்து நின்றதே, அந்த மானுக்கு இருந்த புத்திகூட எனக்கு இல்லை.