பரசுராமன் வெளுத்த பல்செட்

ஆரணியில் எங்கள் தெருக்காரர் பரசுராமன், பட்டு நூலுக்குச் சாயம் போட்டுக் கொடுப்பவர். வயது அறுபத்திரண்டு. கடைக்காரர் யாராவது ஒரு நூல் துண்டைக் கொடுத்து இதே நிறம் வேண்டும் என்றால், அதை வாசலில் வெயிலில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, "இதுல ஒரு சிட்டிகை நீலம் கீது" என்பார். இருக்கும். அதனால் நிறம் விஷயத்தில் யார் சொல்வதையும் அவர் கேட்க மாட்டார். மற்ற விஷயங்களிலும் கேட்க மாட்டார். அதற்குக் காரணம் தெரியவில்லை.

நாற்பது வருட வெற்றிலையும் புகையிலையும் அவருடைய பற்களை ஒவ்வொன்றாக அனுப்பி வைத்தன. கடைசிப் பல் போய் ஆறு வருடம் ஆகிறது. அவர் கவலைப்பட்டதே இல்லை. ஈறே கல்லாகிவிட்டது என்று சொல்லிக்கொள்வார். முறுக்கை மட்டும் காப்பியில் நனைத்துக்கொள்வார்.

மகன் ஹேமநாத்துக்குப் பெண் பார்க்கத் தெள்ளாருக்குப் போன அன்றுதான் இது மாறியது. பெண்ணின் தாய்மாமன் தனகோடி எல்லோருக்கும் காப்பி கொடுத்துவிட்டு, ஹேமநாத்தின் பக்கம் குனிந்து கேட்டார்.

"தாத்தா வந்துகீறாரு, சரி. அப்பா வரலிங்களா?"

"அவருதாங்க அப்பா."

பரசுராமனுக்குப் பல்தான் இல்லை. காது நன்றாகக் கேட்கும்.

நிச்சயதார்த்தத்துக்கு இரண்டரை மாதம் இருந்தது. அன்று இரண்டு அப்பாக்களும் எதிரெதிரே உட்கார்ந்து, பெண்ணுக்குக் கொடுக்கும் பரியப் பணம் வைத்த தாம்பூலத் தட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். அப்போது மாப்பிள்ளையின் அப்பா, "பரியம் உங்களது, பெண் எங்களது" என்று சபைக்குக் கேட்கும்படி மூன்று முறை சொல்ல வேண்டும். வீடியோக்காரர் அந்த இடத்தில்தான் கேமராவை முகத்துக்கு நேராகக் கொண்டுவருவார். அந்த மூன்று முறையும் தன் வாய் நிறையப் பல் இருக்க வேண்டும் என்று பரசுராமன் முடிவு செய்தார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பல் டாக்டர் தமிழ்ச்செல்வியின் கிளினிக் இருக்கிறது. முதல் நாள் அவர் ஒரு தட்டில் ரோஸ் நிற மாவைக் குழைத்து வாய்க்குள் அழுத்தி அளவு எடுத்தார். மொத்தம் இருபத்தெட்டுப் பல் வரும் என்று சொன்னார்.

"முப்பத்திரண்டாச்சே? நாலு கம்மி பண்றீங்களே டாக்டரம்மா?"

"செட்டுன்னா இருபத்தெட்டுதாங்க. எல்லாருக்கும் அதான்."

மூன்றாவது முறை போனபோது, வரிசையாகப் பல் ஒட்டிய ஒரு பட்டையை டாக்டர் அவர் முகத்தருகே பிடித்தார். ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு நிறம்.

"உங்க வயசுக்கும் முகத்துக்கும் லேசா மஞ்சள் கலந்ததுதான் இயற்கையா இருக்கும். இந்த மூணாம் நம்பர் வைக்கலாங்க."

பரசுராமன் சிரித்துவிட்டார். "எங்கிட்டயே கலரு சொல்றீங்களா? நாப்பது வருசமா இதானே பாத்துகினு கீறேன்! அதோ, ஓரத்துல கீதே, பால் மாதிரி. அது போடுங்க."

பால் மாதிரியே வந்தது. முதல் வாரம், வாய்க்குள் ஒரு முழு இட்லியை வைத்துக்கொண்டிருப்பது போல இருந்ததாம். எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. தினமும் செய்தித்தாளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். தெருவே தங்கம் விலையைத் தெரிந்துகொண்டது. ஈறு புண்ணாகி, இரண்டு முறை டாக்டரிடம் போய்ச் செட்டை உரசிக்கொண்டு வந்தார். புதுப் பல்லின் மேல் உதடு மூட மறுத்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தெருவில் ஒரு சாவு விழுந்தது. மாலையோடு போன பரசுராமன் இரண்டு மணி நேரம் பளீரென்று சிரித்தபடி துக்கம் விசாரித்தார். அந்த வீட்டார் இன்னும் அவரோடு பேசுவதில்லை.

பராமரிப்புக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். சாப்பிட்டதும் கழற்றிக் கழுவ வேண்டும், மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், தூங்கும்போது சாதாரணத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும், வெந்நீர் படவே கூடாது. பரசுராமன் அதை மடித்து, ஆடும் நாற்காலியின் காலுக்கு அடியில் வைத்தார். வெற்றிலையையும் விடவில்லை. மெல்லுவதற்குப் பல் வந்த பிறகு வெற்றிலையை விடுபவன் முட்டாள் என்றார். ஒரே மாதத்தில் பால் நிறம் செங்கல் நிறமாகிவிட்டது. நிச்சயதார்த்தத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது.

இந்த இடத்தில் சாயத் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பட்டு நூல் வரும்போது பசையோடு விறைப்பாக, மஞ்சளாக இருக்கும். சோப்பும் சோடாவும் போட்ட தண்ணீரில் கொதிக்க வைத்தால் பசை போய் வெள்ளையாகி மினுக்கும். அதன் பிறகுதான் சாயம். பரசுராமன் வாழ்நாள் முழுவதும் செய்த வேலை இது.

"பட்டே வெளுக்குது, பல்லு வெளுக்காதா?" என்றார்.

அவர் மனைவி அபிதகுசாம்பாள் தடுத்துப் பார்த்தார். "வேணாங்க, அந்தத் தாள்ல இன்னாவோ போட்டுகீதே!"

"அத்த எழுதனவன் பட்டு வெளுத்துகீறானா? நீ சும்மா இரும்மே."

மறுநாள் இருவரும் கிளினிக்கில் இருந்தார்கள். பல்செட் நன்றாக வெளுத்திருந்தது. மேல் செட் மட்டும் வெயிலில் காய்ந்த வடகம் மாதிரி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"சுடுதண்ணியில போட்டீங்களா?"

"இல்லீங்களே. ஆறுன தண்ணிதான். உங்க சரக்குதான் இன்னாவோ சரியில்ல."

"ஆறுன பெறகுதாங்க எடுத்தாரு," என்றார் அபிதகுசாம்பாள். "அதுக்கு முன்னாடி முக்கால் மணி நேரம் கொதிச்சுது."

டாக்டர் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். "இது இனி உட்காராதுங்க. அளவுலேர்ந்து புதுசா செய்யணும். நாலு வாரம் ஆகும்."

"நாளன்னிக்கு நிச்சயம் டாக்டரம்மா! ஜல்தியா இன்னா பண்ண முடியுமோ பண்ணுங்க."

ஒன்றும் பண்ண முடியாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தார் பரசுராமன். "பரியம்" என்றார். மேல் செட் கீழே இறங்கியது. கையால் ஏற்றிக்கொண்டு மறுபடி சொன்னார், மறுபடி இறங்கியது. மெதுவாகச் சொன்னால் மெதுவாக இறங்கியது.

நிச்சயதார்த்த மண்டபத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர்களுக்கெல்லாம் கும்பிடு மட்டும்தான். தாம்பூலத் தட்டு வந்தது. கேமரா அருகே வந்தது. தனகோடி முன்வரிசையில் உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பரசுராமன் தட்டை எடுத்தார். வாயைத் திறந்தால் பல் தாம்பூலத்தோடு சேர்ந்து சம்பந்தி வீட்டுக்குப் போய்விடும். தட்டைக் கீழே வைத்தார். தும்முவது போலத் துண்டால் முகத்தை மூடினார். துண்டு விலகியபோது கன்னம் பழையபடி ஒட்டியிருந்தது.

"பரியம் உங்களது, பெண் எங்களது!"

கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. பல் இல்லாமல் பேச ஆறு வருடப் பழக்கம் இருந்ததே! மூன்று முறையும் ஒரு பிசிறு இல்லை.

பந்தியில் தனகோடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பல்லு கட்டிகினீங்கன்னு சொன்னாங்களே சம்பந்தி?"

"கட்டிகினேன். வேட்டி மடிப்புல கீது."

"விழுந்துடப் போவுதுங்க, பாத்து," என்றார் தனகோடி. பிறகு பரிமாறுபவரைக் கூப்பிட்டு, "மாப்பிள்ளையோட அப்பாவுக்கு வடைய ரசத்துல ஊறப் போட்டுக் குடுங்க," என்றார். அப்பா என்றுதான் சொன்னார். பரசுராமன் அதைக் கவனித்தார். இரண்டு வடை சாப்பிட்டார்.

இரண்டு வாரம் கழித்துப் போட்டோக்காரர் சிவகுமார் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு படத்திலும் பரசுராமன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டர்ல வச்சேங்க. காசு வேணாம்," என்றார் சிவகுமார்.

பரசுராமன் ஆல்பத்தை வாசலுக்குக் கொண்டுபோனார். வெயிலில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"ரொம்ப வெள்ளப்பா. இந்த மூஞ்சிக்கு ஒட்டவே இல்ல. லேசா மஞ்சள் சேரு."

"இதானே டாக்டரம்மாவும் சொன்னாங்க?" என்றார் அபிதகுசாம்பாள்.

"அவங்க நம்பரு சொன்னாங்க. கலரா சொன்னாங்க?"

சிவகுமார் மஞ்சள் சேர்த்துத் திருத்திக் கொடுத்த படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் கிளினிக்குக்குப் போனார் பரசுராமன். நூல் துண்டு கொண்டுவரும் கடைக்காரரைப் போல அதை டாக்டரிடம் நீட்டினார்.

"இதே கலரு வேணுங்க. கல்யாணம் தையில."

டாக்டர் அது மூன்றாம் நம்பர்தான் என்று சொல்லவில்லை. ரோஸ் மாவைக் குழைத்து மறுபடி அளவு எடுத்தார். பல்செட் தயாரானதும் அதை அவரிடம் கொடுத்தார். பராமரிப்புத் தாளை மட்டும் அபிதகுசாம்பாளிடம் கொடுத்தார்.