சிவப்புக் கோடு வராத சொல்

ழகரம் எங்கள் பக்கத்துப் பேச்சில் ளகரமாகிவிடும். என் மாணவி ஒருத்திக்கு லகரமும் அதிலேயே போய்க் கரைந்துவிடும். எட்டாம் வகுப்பு வந்த பிறகும் மூன்றும் அவளுக்கு ஒன்றுதான். வாயைத் திறந்தால் வகுப்பே திரும்பிப் பார்க்கும்படி பேசுகிற பெண். மரத்திலிருந்து முந்திரிப்பழம் விழுகிற சத்தத்தை வைத்தே அது பழுத்ததா வெம்பியதா என்று சொல்லுவாள். பேனாவை எடுத்தால் போச்சு. அவள் நோட்டில் சிவப்பு மையால் சுழித்துச் சுழித்து, அவள் எழுத்தைவிட என் எழுத்துத்தான் அதிகமாக இருக்கும்.

வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியர். வீடு பெரம்பலூரில். காலை பஸ்ஸில் அரியலூரைத் தாண்டுவதற்குள் சிமெண்ட் லாரித் தூசி சட்டையில் படிந்துவிடும். ஜெயங்கொண்டம் போனால் செம்மண். அத்தனை தூரமும் மடியில் திருத்தாத நோட்டுகள். அவளுடையதை அடியில் வைத்துக்கொள்வேன். கடைசிவரை தள்ளிப்போடுவேன்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, பள்ளிக்கு நான்கு கம்ப்யூட்டர்கள் வந்தன. நண்பர் ஒருவர் தமிழில் எழுதும் மென்பொருள் ஒன்றை சி.டி.யில் போட்டுக் கொடுத்தார். இரண்டு எழுத்து அடித்தால் போதும், அந்த எழுத்தில் தொடங்கும் சொற்கள் கீழே வரிசையாக இறங்கும். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். அதன் பட்டியலில் இல்லாத சொல்லை அடித்தால் அடியில் சிவப்புக் கோடு ஓடும். அவளைத்தான் முதலில் உட்கார வைத்தேன். ஒரு விரலால் குத்திக் குத்தி அரைப்பக்கம் அடித்தாள். அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிழையில்லாத அரைப்பக்கம். திரையைத் தொட்டுப் பார்த்தாள். அன்று பஸ்ஸில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு எழுத்துக்குப் பசி வந்தவள்போல ஆகிவிட்டாள். மதியச் சாப்பாட்டை விழுங்கிவிட்டு ஓடிவருவாள். ‘என் அம்மா’ என்று ஒரு பக்கம் அடிக்க ஆரம்பித்தாள். அதைத் தாளில் அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். வேறொன்றும் வேண்டாம் அவளுக்கு.

நான் வருகைப் பதிவேட்டில் குனிந்திருந்தேன்.

“சார், ரெண்டு இருக்கு சார். எது சார்?”

“என்ன ரெண்டு?”

“ஒரே மாதிரி ரெண்டு வார்த்த சார். இங்க வந்து பாருங்களேன்.”

எழுந்திருக்கவில்லை நான். நான்கு எட்டு வைக்கிற தூரம்தான்.

“ஒண்ண எடு. செவப்புக் கோடு வருதா?”

“வரல சார்.”

“கோடு வரலைன்னா சரின்னு அர்த்தம். அடுத்தத அடி.”

அச்செடுத்து அவள் நீட்டியபோதும் நான் அதைப் படிக்கவில்லை. கோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இல்லை. மறுநாள் ஒரு கல்வி அதிகாரி பார்வையிட வருவதாக இருந்தது. “நாளைக்கி வூட்டுக்கு எடுத்துட்டுப் போ” என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் அறை வாசலில் அதை ஒட்டிவைத்தேன்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

“எங்கள் அம்மா விடிவதற்குள் முந்திரிக் கொள்ளைக்குப் போய்விடுவார்.” நிறுத்தினார். “கொள்ளைக்கா? பேஷ். பொழுது விடியறதுக்குள்ள முடிச்சுடுறாங்களா?”

முந்திரித் தோப்பை எங்கள் பக்கத்தில் கொல்லை என்றுதான் சொல்வோம். அவள் எழுதியிருந்தது திருட்டை. இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள். இரண்டுக்கும் கோடு வராது.

பிள்ளைகள் சிரித்தார்கள். தலைமையாசிரியைகூட வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கையை எடுத்துவிட்டு என்னிடம் கேட்டார்: “நீங்க பாக்கலையா சார்?”

ஒரு வார்த்தை போதும். பாக்கலைங்க மேடம். அவ்வளவுதான். நாக்கு வேறு பக்கம் புரண்டது.

“சொல்லிக் குடுத்தேங்க மேடம். அவதான் கவனிக்காம அடிச்சுட்டா.”

அவள் சுவரோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். சார் எப்போது சொன்னார் என்று நினைவில் தேடுகிற பார்வை அது. ஒருவேளை சொல்லியிருப்பாரோ, நாம்தான் மறந்தோமோ என்று தன்னையே சந்தேகப்படுகிற பார்வை.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தம் வரைக்கும் அவள் பின்னாலேயே பையன்கள்.

“ஏய், உங்கம்மா இன்னைக்கி எத்தன மூட்ட?”

“சத்தம் போடாதடா, போலீஸு வந்துரப் போவுது.”

காதில் விழாதவன்போல நடந்தேன்.

அந்தத் தாளை அவள் கேட்கவே இல்லை. மதியத்தில் ஓடிவருவதும் நின்றது. பத்து நாள் கழித்து அவள் அம்மா வந்தார். கொட்டை உடைத்து உடைத்து உள்ளங்கை கறுத்து, தோல் உரிந்திருந்தது. அந்தக் கையை முந்தானையில் மறைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

“எம்பொண்ணு கம்ப்யூட்டர் பக்கமே போவமாட்டேங்குது சார். கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது. எதயாச்சும் ஒடைச்சுப்புடுச்சா சார்?”

“அய்யய்யோ, அதெல்லாம் இல்லைங்க.”

“ஒடைச்சிருந்தாலும் சொல்லிடுங்க சார். அதுக்குக் கை கொஞ்சம் துடுக்கு.”

மகள் வீட்டில் ஒன்றுமே சொல்லவில்லை. பள்ளிக்கூடமே சிரித்த சொல்லை அம்மாவின் காதுக்குப் போகாமல் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். நான் சொல்லியிருக்கலாம். தப்பு அவ மேல இல்லைங்க, என் மேலதான் என்று. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அவளும் கேட்டிருப்பாள்.

“பரீட்சை வருதுல்லீங்க. கையால எழுதிப் பழகட்டும்னு நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன்” என்றேன்.

“நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். கும்பிடும்போது அந்தக் கைகள் வெளியே வந்தன.

முழு ஆண்டுப் பரீட்சைத் தாள்களை நான்தான் திருத்தினேன். கட்டுரைக் கேள்வியில் உழைப்பைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தது. அவள் எழுத்து தூரத்திலேயே தெரியும், சாய்ந்து சாய்ந்து ஓடும். அம்மாவைப் பற்றித்தான் எழுதியிருந்தாள். பழைய பிழைகள் அப்படியே இருந்தன. ஓரிடத்தில் மட்டும் ‘எங்கள் அம்மா முந்திரி’ என்று எழுதி, ஒரு சொல் அளவுக்கு இடம் விட்டு, ‘போகும்போது செருப்புப் போட மாட்டார்’ என்று தொடர்ந்திருந்தாள். அந்த இடத்தில் பேனா முனை மூன்று நான்கு தடவை தொட்டு எடுத்த புள்ளிகள்.

அங்கே என்ன வரவேண்டும் என்று உலகத்தில் அவளுக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவன் நான்.

விடுபட்ட சொல் என்று ஓரத்தில் குறித்து, அரை மதிப்பெண் குறைத்தேன்.