படகுக்கு முன்னால் விளக்குக்காரன்

கேம் பெட்டி மூடியின்மேல் வைத்த தீக்குச்சியின் மருந்து முனை டிவி பக்கம் பார்த்திருக்க வேண்டும். அப்படித்தான் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் அது ஜன்னல் பக்கம் பார்த்துக் கிடந்தது. அதே மூடி, அதே இடம். முனை மட்டும் திரும்பியிருந்தது.

யாரோ என் கேமைத் தொடுகிறார்கள் என்பது அன்றைக்கு உறுதியானது.

எனக்கு அப்போது பதினொரு வயது. காளவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். அம்மா அப்பளக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். சிங்கப்பூரில் இருந்த சித்தப்பா ஊருக்கு வந்தபோது டிவியில் மாட்டி விளையாடும் வீடியோ கேம் பெட்டி ஒன்றும், இரண்டு சிடியும் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு சிடியும் ஒரே கதையின் இரண்டு பாகம். பெயர் இங்கிலீஷில் இருந்தது. இன்றைக்கும் எனக்கு அதை ஒழுங்காகச் சொல்ல வராது. நாங்கள் விளக்குக்காரன் என்போம்.

ஒருவன் கையில் அரிக்கேன் விளக்கோடு படகில் வந்து ஒரு தீவில் இறங்குவான். குகை குகையாகப் போய்க் கல் எடுக்க வேண்டும். எல்லாக் கல்லும் எடுத்தால் கடைசியில் படகு கிளம்பும். அவ்வளவுதான் கதை. முதல் பாகத்தை ஐந்து தடவை முடித்திருந்தேன். இரண்டாம் பாகத்தில் தண்ணீர் நிறைந்த குகை ஒன்றில் ஒரு மாதமாக நின்றுகொண்டிருந்தேன். ரஃப் நோட்டில் பாதிக்குமேல் குகை வழிதான் வரைந்திருக்கும். கணக்கு வாத்தியார் பார்த்துவிட்டு, "என்னடா இது, பாதாளச் சாக்கடையா?" என்று கேட்டார். மூன்றாம் பாகம் வந்துவிட்டது என்று ஒருவன் சொன்னதை நம்பி, சிம்மக்கல்வரை நடந்துபோய், கடை கடையாக விசாரித்துவிட்டு நடந்தே திரும்பியிருக்கிறேன்.

எதுவரை விளையாடியிருக்கிறோம் என்பது மெமரி கார்டில் இருக்கும். தீப்பெட்டி அளவுதான் அது. மொத்தம் எத்தனை மணி நேரம் விளையாடினோம் என்பதும் அதில் ஏறிக்கொண்டே வரும். நான் பதினொரு மணி நேரத்தில் விட்டுவிட்டுப் போவேன். வந்து பார்த்தால் பதின்மூன்று என்று காட்டும். என் ஆள் வேறு எங்கோ நிற்பான்.

சந்தேகம் அண்ணன் மேல்தான். பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறவன்.

"நான் தொடலடா."

"தொடாம தானா நடந்து போச்சாக்கும்?"

"ஒன் விளக்குக்காரனுக்குக் காலு இருக்குல்ல. போயிருப்பான்."

அப்பாவிடம் சொன்னேன். அப்பா விசாரிக்கிற ஆள் இல்லை. ஓர் அறை விட்டார். அண்ணன் கன்னத்தைத் தடவிக்கொண்டே, "நீ நல்லா இருப்படா" என்றான். அடுப்படி வாசலில் அத்தை வெங்காயத் தட்டோடு நின்றிருந்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அத்தை அப்பாவின் தங்கை. வைகாசியில் கல்யாணமாகிப் பேரையூர் போனவள். புதுப்பெண் என்று ஆடிக்கு அழைத்து வந்தார்கள். ஆடி முடிந்தது. ஆவணி முடிந்தது. புரட்டாசியும் முடியப்போகிறது. அவள் போகவில்லை. போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அம்மா பேச்சை எடுத்தால் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவ எடுத்துப் போவாள். பேரையூரிலிருந்து ஆள் வரும்போதெல்லாம், "தீபாவளி கழியட்டும்" என்று அப்பா சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்.

சோறு வைத்தால் உப்பு சரியாக இருக்கிறதா என்று மூன்று தடவை கேட்பாள். கேட் கொக்கி சத்தம் கேட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றுவிடுவாள். பால்காரர் வந்தாலும் அப்படித்தான். நான் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

நான் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள்.

"இவன் எதுக்குடா இந்தக் குகைக்குள்ளயே போறான்?"

"கல்லு எடுக்க."

"எடுத்து?"

"எடுத்தா அடுத்த குகை தெறக்கும்."

"அப்ப வீட்டுக்கு எப்பத்தான் போவான்?"

"கடைசில. படகுல."

"படகு அங்கனதானடா நிக்குது. இப்பவே திரும்பிப் போயிற முடியாதா?"

"யாரு அத்தை திரும்பிப் போவா? அதுக்கா இம்புட்டுப் பெரிய கேம் போட்டிருக்காங்க?"

அவள் சிரித்தாள். கொஞ்சம்தான்.

அவளை நான் சந்தேகப்படவில்லை. வீடியோ கேம் பையன்கள் விளையாடுவது. கல்யாணமான பொம்பளை அதைத் தொடுவாள் என்று நினைக்க எனக்குப் புத்தி போதாது. சாட்சியாக மட்டும் விசாரித்தேன்.

"பகல்ல யாரும் வந்தாங்களா அத்தை?"

"நான் அடுப்படில இருந்தேன்டா."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கண் கலங்கியிருந்தது. வெங்காயம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து கார்டை ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோனேன். என் ஃபைல்மேலேயே ஏறி எவனோ சேவ் பண்ணுகிறான், தனியாகப் பண்ணக்கூடவா தெரியாது என்று வீடு முழுக்கக் கேட்கும்படி திட்டிக்கொண்டே போவேன். பத்து நாள் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனாலும் அண்ணன் பக்கத்தில் வந்தால் பையை மடியில் வைத்துக்கொள்வேன்.

ஆயுத பூஜை வந்தது. அப்பா எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் வைக்கச் சொன்னார். எங்கள் புத்தகம், அரிவாள்மனை, சைக்கிள் சாவி, என் பெட்டி. கார்டும் வைத்தாக வேண்டும். அம்மா எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ஜாய்ஸ்டிக்கின் பெரிய பட்டனில் ஒரு பொட்டு. கார்டின் பித்தளை முனையில் பட்டுவிடாமல் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வைத்துவிட்டால் மறுநாள் காலையில் கற்பூரம் காட்டி எடுக்கும்வரை ஒருத்தரும் தொடக்கூடாது. தொட்டால் தொழிலும் விளங்காது, படிப்பும் விளங்காது. ஒரு நாளைக்கு என் கார்டுக்குச் சாமியே காவல் என்று நிம்மதியாக இருந்தது.

மத்தியானம் எல்லோரும் பட்டறைப் பூஜைக்குப் போனோம். அத்தை மட்டும் வரவில்லை. வீட்டுக்குத் தூரம் என்று பின்கட்டில் தனிப் பாயில் உட்கார்ந்திருந்தாள். அந்த மூன்று நாளும் அவள் சாமி படம் இருக்கும் பக்கமே வரக்கூடாது. லேத்துக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கட்டிக்கொண்டு நாங்கள் திரும்பும்போது விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது.

மறுநாள் காலையில் பேரையூர்க்காரர்கள் வந்துவிட்டார்கள். அத்தையின் மாமியாரும் வீட்டுக்காரரும். நல்ல நாள், கையோடு கூட்டிப்போகலாம் என்று வந்ததாகச் சொன்னார்கள். அப்பா வழக்கம்போல, "தீபாவளி கழியட்டுமே" என்றார். அம்மா காப்பி கொடுத்தாள்.

"எங்க வீட்டுப் பிள்ளையக் கண்ணுல காணமே" என்றார் மாமியார்.

"தள்ளி இருக்கா" என்றாள் அம்மா.

அப்பா கற்பூரம் காட்டி, எடுங்கள் என்றார். நான்தான் முதலில் பாய்ந்தேன். பெட்டியின் ஒயர் நான் சுற்றுகிற மாதிரி சுற்றியிருக்கவில்லை. பட்டனில் இருந்த பொட்டு கலைந்து, ஒரு கட்டைவிரல் அளவுக்குச் சிவப்பாக இழுத்திருந்தது.

"தொட்டிருக்காங்க" என்று கத்தினேன்.

அம்மா கண்ணைக் காட்டினாள். ஆட்கள் இருக்கிறார்கள், பேசாமல் இரு என்று அர்த்தம். எனக்கு ஆட்கள் முக்கியமில்லை. ஜாய்ஸ்டிக்கை எடுத்துவந்து எல்லோருக்கும் நடுவில் நீட்டினேன். "சாமிக்கு வச்சதத் தொட்டிருக்கான். பாருங்க, பொட்டு அழிஞ்சிருக்கு."

வந்தவர்கள் முன்னால் அப்பாவுக்கு மானம் போய்விட்டது. அண்ணனைப் பார்த்துக் கையை ஓங்கினார்.

"நான் ஒங்ககூடப் பட்டறைலதானப்பா இருந்தேன்" என்றான் அவன். அது எனக்கும் தெரியும். ஆனாலும் நான் சொல்லவில்லை.

பின்கட்டுக் கதவிலிருந்து குரல் வந்தது.

"அவன அடிக்காதண்ணே. நான்தான்."

அத்தை வாசல்படியைத் தாண்டாமல் நின்றிருந்தாள். வலது கைக் கட்டைவிரலைச் சேலைக்குள் மறைத்திருந்தாள்.

மாமியார் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "தள்ளி இருக்கான்னீக. தள்ளி இருக்கவதான் சாமி சாமானை எடுத்து வெளையாடுனாளாக்கும். இதுக்குத்தான் தீபாவளி கழியட்டும், கழியட்டும்னு வச்சிருந்தீகளா தம்பி?"

வீட்டுக்காரர் லேசாகச் சிரித்துக்கொண்டு, "இங்க கைக்கு வேலை இல்ல போல. அங்க வரட்டும், இருக்கு" என்றார்.

அப்பா அத்தையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். தீபாவளிப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

"தலைக்குக் குளிச்சதும் கொண்டாந்து விடுறேன்" என்றார்.

எனக்குத் திருடன் கிடைத்துவிட்டான். அது போதும்.

இரண்டு நாள் கழித்து அத்தை கிளம்பினாள். அண்ணன் அவள் துணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்வரை போனான். அப்பா பிடுங்கி வைத்திருந்த கேம் பெட்டி அன்றைக்குத்தான் என் கைக்கு வந்திருந்தது; டிவி முன்னால் ஒயர் மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கத்தில் வந்து குனிந்து, "ஒன்னோடத நான் அழிக்கலடா. தனியாத்தான் வச்சேன்" என்றாள். நான் திரும்பாமல், "ம்" என்றேன். கேட் கொக்கி சத்தம் கேட்டது.

அவள் போனதும் கார்டைப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான். இரண்டு ஃபைல் இருந்தது. என்னுடையது விட்ட இடத்திலேயே இருந்தது. அவளுடையதைத் திறந்தேன். என் தண்ணீர்க் குகையிலிருந்து எடுத்து, மேலே நான்கு மணி நேரம் விளையாடியிருந்தாள். நான்கு மணி நேரத்தில் ஒரு கல்கூட எடுக்கவில்லை. குகை குகையாகப் பின்னாலேயே நடந்திருந்தாள். நான் திறந்த கதவு அத்தனையும் தாண்டி, முதல் கரைக்கே போய்விட்டிருந்தாள். விளக்குக்காரன் படகுக்கு முன்னால் நின்றிருந்தான். கல் எல்லாம் சேராமல் படகில் ஏற முடியாது. அதற்குப் பட்டன் கிடையாது. அவள் எல்லாப் பட்டனையும் அழுத்திப் பார்த்திருப்பாள்.

கேம் ஆடத் தெரியாதவள் என்று நினைத்தேன். அண்ணன் பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டிவியை அணைத்தான். கேமைக் கெடுக்கிறான் என்று அவனோடு சண்டை போட்டேன்.

மூன்றாம் பாகம் அடுத்த ஆடியில் கிடைத்தது. சிம்மக்கல்லில்தான். அந்த ஆடிக்கு அத்தையை அனுப்பவில்லை. அப்பா அழைக்கப் போய்விட்டுத் தனியாகத் திரும்பி வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். வீட்டில் பேச்சில்லாமல் இருந்தது விளையாட வசதியாக இருந்தது.

புதிய பாகத்துக்குக் கார்டில் இடம் போதவில்லை. எதையாவது அழிக்க வேண்டும். என்னுடையதில் இருபத்தாறு கல் இருந்தது. இன்னொன்று முன்னேறாத ஃபைல். அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் வைத்தேன். திரையில் இங்கிலீஷில் ஏதோ கேட்டது. எனக்கு வாசிக்கத் தெரியாது. எப்போதும் அழுத்துகிற பட்டனையே அழுத்தினேன்.