இனிப்பு கொடுத்த பிறகு

ஆனி பிறந்தால் எங்கள் பக்கம் காற்றுதான். ஜன்னல் கொக்கி நிற்காது, கொடியில் துணி நிற்காது, பேசிக்கொண்டிருக்கும் பேச்சு நிற்காது. கீழே எங்கள் தையல் யூனிட், மேலே வீடு. வெட்டித் தள்ளிய பனியன் துணுக்குகள் காற்றில் படியேறி அடுப்படி வரை வந்துவிடும். அப்படியொரு காற்று நாளில்தான் என் மகளின் நீட் முடிவு வந்தது.

அவளால் பார்க்க முடியவில்லை. செல்போனில் தன் எண்ணைப் போட்டு அப்பா கையில் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. என் கணவர் திரையை மேலே தள்ளினார், கீழே தள்ளினார், ஓரிடத்தில் நிறுத்தினார்.

"குவாலிஃபைடுன்னு போட்டிருக்குது," என்றார். பிறகு இன்னும் சத்தமாக, "குவாலிஃபைடு!"

எங்கள் தொழிலில் அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. கம்பெனியிலிருந்து ஆள் வந்து பீஸைப் புரட்டிப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால், வண்டி வரும், பெட்டி ஏறும். சரியென்று சொன்ன சரக்கை யாரும் விட்டுவிட்டுப் போனதில்லை. அவர் செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கினார். யூனிட்டில் நல்ல செய்தி என்றால் நாலு மணி டீயோடு எல்லோருக்கும் இனிப்பும் காரமும் போக வேண்டும். காதுகுத்தோ புது வண்டியோ, அதுதான் வழக்கம். தின்றவர்கள் எல்லாம் அந்தச் செய்திக்குச் சாட்சி.

மகள் ஈரத் தலையோடு வெளியே வந்து செல்போனை எடுத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பா எங்கம்மா?"

"ஸ்வீட் சொல்லப் போயிருக்காரு கண்ணு."

"ஐயோ." அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இது பாஸ் மார்க்குக் கோட்டைத் தாண்டுன அத்தனை பேருக்கும் போடறதும்மா. சீட்டுக்கு இந்த மார்க்கு பத்தாது. பக்கத்துலகூட வராது."

கீழே கைதட்டல் கேட்டது. மிஷின்களை நிறுத்திவிட்டுத் தட்டினார்கள்.

அவர் மேலே வந்து விஷயம் புரிந்தபோது முகம் எப்படி ஆயிற்று என்பதை இன்றுவரை என்னால் சரியாக எழுத முடியவில்லை. கோபம் இல்லை. கூச்சம். ஜாங்கிரி ஒட்டிய விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். இறங்கிப்போய்ச் சொல்லிவிடலாம் என்றேன். நாளைக்குச் சொல்லிக்கலாம் என்றார். அந்த நாளை வரவே இல்லை.

அதற்குள் செய்தி கேட்டு வெள்ளகோவிலிலிருந்து அவருடைய அக்கா வந்துவிட்டார். ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஒரு முழம் மல்லிகை. "எங்கூட்டு டாக்டரம்மா எங்கீங்க?" என்று படியிலிருந்தே குரல். என் மகள் அறையிலிருந்து வந்து நின்றாள். "வாங்கத்தை" என்றாள். அந்த அக்கா சேலையை முழங்கால் வரை தூக்கிக் காட்டி, "சித்த இதப் பாரு சாமி. மாடி ஏறுனா கடகடன்னுது. நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் தாங்குமா?" என்று சிரித்தார். என் கணவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் எனக்குப் பயம் வந்தது. இவர் சொல்லப்போவதே இல்லை.

அன்றிரவுச் சாப்பாட்டில் வழி ஒன்று சொன்னார். நாமக்கல் பக்கம் ஒரு கோச்சிங் ஹாஸ்டல். மறுபடி எழுதுகிறவர்களுக்கென்றே தனி வகுப்பு. உள்ளே போனால் செல்போன் கிடையாது, ஊருக்கு வருவதும் தீபாவளி பொங்கலுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் வருகிறோமா இல்லையா என்று சொல்ல வேண்டுமாம்.

"ஒரே வருசம் அம்மிணி. கேக்கறவங்ககிட்ட நீ காலேஜ் சேந்தாச்சுன்னு சொல்லிக்கலாம். அடுத்த வருசம் நெசமாவே சேந்துட்டா, யாருக்கு என்ன தெரியப் போவுது?"

மகள் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்தக் காலேஜ்னு கேட்டா என்னங்கப்பா சொல்வீங்க?"

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

அடுத்து வந்த நாட்கள் இழுத்துக் கட்டிய நூல் மாதிரி. தொட்டால் அறுந்துவிடும் என்று யாரும் தொடவில்லை. அவள் புத்தகத்தைத் திறக்கவுமில்லை, கட்டிப் போடவுமில்லை. ஒரு பகல், கீழேயிருந்து தைத்து வந்த பீஸ்களில் நான் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருக்கும்போது எதிரே வந்து உட்கார்ந்து தானும் ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் வெட்டிக்கொண்டிருந்தோம்.

"உனக்கு என்னம்மா வேணும்?"

"நீ எது சொல்றியோ அதுதான் கண்ணு."

"பொய் சொல்லாத."

உண்மை என்ன? அவள் மறுபடி எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எழுதி மறுபடியும் இதே முகத்தோடு குளியலறையிலிருந்து வந்தால் என்ன செய்வேன் என்றும் பயந்தேன். இரண்டும் ஒரே நேரத்தில். "எழுதணும்னுதான் இருக்குது," என்றேன் கடைசியில். "பயமாவும் இருக்குது."

"எனக்கும் அதேதான்," என்றாள். கத்தரியை வைத்துவிட்டு எழுந்தாள். நாலு மணி டீ வந்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். என்ன செய்யப் போகிறாள் என்று அவள் பாதிப் படி இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பின்னாலேயே ஓடினேன்.

எல்லோரும் தம்ளரோடு நின்றிருந்தார்கள். என் கணவர் கட்டிங் மேசையருகே துணி அளந்துகொண்டிருந்தார். அவள் நடுவில் போய் நின்றாள்.

"அக்கா, அண்ணா, எல்லாருக்கும்தானுங்க. எனக்குச் சீட்டு கெடைக்கலீங்க. அப்பா தெரியாமச் சொல்லிட்டாரு. மார்க்கு கம்மி."

காற்றில் கதவு படபடத்தது. யாரும் டீ குடிக்கவில்லை. அளவு டேப் என் கணவர் கையிலிருந்து நழுவித் தரையில் சுருண்டது.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து எங்களிடம் தைக்கிற அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "என்ன பாப்பா சொல்லுத? அன்னைக்குத் தின்ன ஜாங்கிரி செரிச்சே போச்சு. இனி திருப்பிக் கேட்டா எங்க போவோம்?"

ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும். அந்த அக்கா விடவில்லை.

"எம் மவன் பத்தாப்புக் கணக்க எத்தனை வாட்டி எழுதுனாம்னு நெனைக்க? பரிச்சை எழுதப் போனா பள்ளிக்கூடக் கேட்டு வாட்ச்மேனு அவன ஸ்டாஃபுன்னு நெனச்சு வணக்கம் வைப்பாருல்லா."

என் மகளும் சிரித்தாள், அழுதுகொண்டே. என் கணவர் மட்டும் குனிந்து டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்துப் பிரித்து மறுபடி சுற்றினார்.

மேலே வந்ததும் வெடித்தார். "ஏன் அம்மிணி இப்படிப் பண்ணுன? நாளைக்கு நான் அங்க எப்படி நிக்கறது?"

"ஒளிஞ்சுக்கிட்டே படிக்க எனக்கு வராதுங்கப்பா."

"உங்கத்தைக்கு என்ன சொல்றது?"

"போன் பண்ணிச் சொல்லிட்டேங்க. திட்டுனாங்க. அப்புறம் ஆப்பிளத் தின்னுன்னு சொன்னாங்க."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹாஸ்டலிலிருந்து அழைப்பு வந்தது. அவர் எடுத்து அவளிடம் நீட்டினார். ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல் அவசரமாகப் பேசியது. என் கை அடுப்பில் இருந்தது, காது அங்கே.

"நான் மறுபடி எழுதறேனுங்க," என்றாள். எனக்கு மூச்சு வந்தது. "ஆனா ஹாஸ்டல் வேண்டாங்க. ஊட்டுல இருந்தே படிக்கறேன்."

"வீட்ல இருந்து படிக்கிற பசங்களுக்கு ரிசல்ட் வராதும்மா."

"வராட்டி எனக்குத்தானுங்க வராது," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பிறகு எங்கள் இருவர் பக்கமும் திரும்பினாள். "ஒரே தடவைதானுங்க. அதுலயும் வரலைன்னா நான் வேற படிப்புக்குப் போயிருவேன். அப்புறம் இன்னொரு தடவைன்னு நீங்க கேக்கக் கூடாது. அம்மா, நீயும்தான். இப்பவே சொல்லுங்க."

கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கேட்காமல் இருக்க முடியுமா என்று எனக்கு அப்போது தெரியாது.

"கேக்க மாட்டேன் கண்ணு," என்றேன்.

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "செரி சாமி," என்றார் கடைசியில், மிக மெல்ல.

"சத்தமாச் சொல்லுங்கப்பா."

"கேக்க மாட்டேன்," என்றார்.