ஹெலி வந்தால் முதலில் பிரேக்

எண்பதுகளின் பிற்பாதியில் கீரிமலைப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டும் குழி ஒன்றில், முன்வாளியால் கல் அள்ளும் லோடர் ஓட்டினேன். புதிதாக வருகிறவர்களைப் பழக்கும் வேலையும் என் தலையில் விழுந்திருந்தது. பழக்குவது என்று பெயர்தான். வந்தவன் என் சீற்றுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பான். இரண்டு கிழமையில் மிசின் அவன் கைக்குப் போய்விடும்.

அந்த நாட்களில், மேலே நின்று சுடுகிற ஆமியின் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: வாகனத்தை நிற்பாட்டிவிட்டு ஓடுவது. சைக்கிள் என்றால் அது சரி. ஒருநாள் புதியவன் ஒருவன் குழிக்குள் இறங்கும் சரிவில் லோடரின் எஞ்சினை நிற்பாட்டிக் குதித்து ஓடினான். பிரேக் போடவில்லை. மிசின் தானாக உருண்டுபோய்க் கீழே நின்ற லொறியை நசுக்கியது. லொறிக்காரர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தபடியால் தப்பினார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பழக்குகிற முறையை மாற்ற வேண்டும் என்று மேலாளரிடம் போய் நின்றேன்.

"உதெல்லாம் ஓட ஓடச் சரிவரும்," என்றார்.

"ஆர் ஓட? மிசினோ, மனிசரோ?"

அதன்பிறகு, வேலை தொடங்குமுன் எஞ்சினைப் போடாமலே புதியவர்களின் கையைப் பழக்கினேன். பிரேக்கைப் போடு, வாளியை நிலத்தில் இறக்கு, எஞ்சினை நிற்பாட்டு, பிறகு ஓடு. நினைக்காத நேரத்தில் பின்னால் நின்று "ஹெலி!" என்று கத்துவேன். அப்போது பழக வந்தவர் என் தங்கையின் கணவர். நேவியின் தடையால் மீன்பிடிக்கக் கடலுக்குப் போக முடியாமல் இந்த வேலைக்கு வந்தவர். தங்கை பிள்ளைத்தாய்ச்சி.

"அண்ணை, அவரைக் கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ," என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

"மச்சான், ஹெலியிலும் பாக்க உங்கடை தொண்டைக்குத்தான் பயமாக் கிடக்கு," என்று அவர் சிரிப்பார். ஆனால் ஒழுங்கு பிசகமாட்டார்.

உண்மையான ஹெலி ஒரு முற்பகலில் வந்தது. அவர் அதே சரிவில், வாளி நிறையக் கல்லோடு நின்றார். கீழே இரண்டு பேர் அலவாங்கால் கல் நெம்பிக்கொண்டிருந்தார்கள். நான் ஓடிப்போய்ப் பாறை மறைவில் இருந்து பார்த்தேன். பிரேக்கைப் போட்டார். வாளியை மெல்ல இறக்கினார். "காணும், எஞ்சினை விட்டிட்டுக் குதியுங்கோ!" என்று கத்தினேன். அந்த இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. எஞ்சினை நிற்பாட்டி அவர் இறங்கக் காலெடுத்தபோது ஹெலியிலிருந்து சுட்ட சூடு தோளில் பட்டது.

லோடர் இம்மியும் அசையவில்லை. கீழே நின்ற இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மச்சானின் வலது கை பிறகு தோளுக்கு மேலே எழும்பவேயில்லை.

ஆஸ்பத்திரியில் அந்த இருவரும் அவருடைய கட்டிலடியில் நின்று அழுதார்கள். தங்கை என்னைத்தான் பார்த்தாள்.

"ஓடச் சொல்லி ஏனண்ணை முதல் பழக்கேல்லை?"

அந்த இருவரையும் காட்டிப் பதில் சொல்லியிருக்கலாம்.

அடுத்துப் பழக வந்தவருக்கும் அதே ஒழுங்கைத்தான் சொல்லிக் கொடுத்தேன். கல்யாணம் ஆகிவிட்டதா என்று மட்டும் அவரிடம் கேட்கவில்லை.